நகத்து நுனிக்கு வந்த குருவி

என் உசுருக்குச் சமமான மதினிக்கு,

குருவி நுனிக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் காகிதத்தை எடுத்தேன். மாசியில் நீ என் பெருவிரல் நகத்தில் மருதாணியால் போட்டுவிட்ட குருவிதான். அப்போது நகத்தின் அடியில் இருந்தது. நகம் வளர வளர நகர்ந்து, இந்த ஆவணியில் விளிம்பில் வந்து நிற்கிறது. விளிம்பு உடைந்து தலை போய்விட்டது. ஒரு சிறகும் வாலும் மிச்சம்.

இந்த ஒரு நகத்தை மட்டும் நான் வெட்டாமல் வைத்திருப்பதில் நீ தம்பி முறை சொல்லிக் கூப்பிடும் என் வீட்டுக்காரருக்குத் தினமும் எரிச்சல். "ஒத்த வெரல்ல மட்டும் பருந்து நகம் வச்சிருக்கா. சோறு போடயில பயமா இருக்குய்யா" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். சொல்லட்டும். அவருக்கு என்ன தெரியும்?

இந்தக் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைக்கப் போவதில்லை, மதினி. யார் படித்தாலும் படிக்கட்டும். இத்தனை வருஷமாக நம் இரண்டு பேருக்குள் ஒளித்து வைத்ததைத்தான் எழுதப் போகிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அத்தை வந்திருக்கிறாள். ஆமாம், நம் அய்யாவின் அக்காதான், உன்னைப் படுத்தி எடுத்தவள்தான். கடலாடியில் பஸ் ஏறி, சாயல்குடியில் இறங்கி, ஒரு துணிப்பையோடு வந்தாள். இன்றோடு நாலு நாள். என் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

அவளைப் பார்த்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது உன் நகம்தான்.

நீ எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா இல்லாத வீடு. ஊரில் மற்றவர்கள் மருதாணியை அரைத்து விரல் நுனியில் தொப்பி மாதிரி அப்பிக்கொள்வார்கள், அவ்வளவுதான். நீ அரைத்த விழுதைப் பழைய வேட்டித் துணியில் வடித்து, ஒரு கருவேலமுள்ளால் தொட்டு, நகத்துக்குள் எழுதினாய். இத்தனூண்டு நகத்தில் பிறை, நெல்மணி, மீன். பெருவிரலில் மட்டும் எப்போதும் குருவி. "புள்ளி வைக்காம எப்படி மதினி கோலம் வருது?" என்று கேட்டேன். "புள்ளி வச்சா அது புள்ளி சொன்ன கோலம். வைக்காட்டி நாம சொன்ன கோலம்" என்றாய். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "இது குருவியா? நம்ம எருமைல்ல றெக்க கட்டி நிக்கிது!" என்பான். நீ முள்ளை ஓங்கிக்கொண்டு அவனைத் துரத்துவாய்.

அப்புறம் மூன்றே நாள் காய்ச்சலில் அண்ணன் போனான். உனக்கு இருபத்தொரு வயது.

வளையலை உடைத்தார்கள், பொட்டை அழித்தார்கள், பூவை எடுத்தார்கள். நகத்துச் சிவப்பை என்ன செய்வது? அத்தை உன் கையைப் பிடித்துக்கொண்டு புளியைப் போட்டுத் தேய்த்தாள். சாம்பலைப் போட்டுத் தேய்த்தாள். தோல் உரிந்தது, சிவப்பு போகவில்லை. "வளந்து போனாத்தான் போகும் போலருக்கு" என்று கையை உதறிவிட்டு எழுந்தாள். நாலைந்து மாசம், வெள்ளைச்சேலைக்கு வெளியே, அண்ணன் இருந்தபோது வைத்த குருவி உன் விரலில் இருந்தது. நீ நகத்தை வெட்டவே இல்லை. நான் சின்னப்பிள்ளை, சோம்பலில்தான் வெட்டவில்லை என்று நினைத்தேன். இப்போதல்லவா தெரிகிறது, மதினி.

அதன் பிறகு களையெடுப்புதான் உனக்கு வழிவிட்டது. கார்த்திகை, மார்கழியில் நாள் முழுக்கச் சேற்றில் கை கிடந்து, எல்லோருக்கும் நகச்சுத்து வரும். நகத்தோரம் வீங்கிச் சீழ் கோக்கும். அதற்கு மருதாணிதானே மருந்து? நீ அரைத்து வைத்தால் மூன்றாம் நாள் ஆறுகிறது என்று பேச்சு பரவியது. மத்தியானக் கஞ்சி குடித்த கையோடு வரப்பில் உன் முன்னால் வரிசையாகக் கையை நீட்டிக்கொண்டு உட்காருவார்கள். முதலில் வெறும் மருந்துதான் வைத்தாய். கொஞ்ச நாளில் மருந்துக்குள் ஒரு நெல்மணி முளைத்தது. "மருந்துக்கு எதுக்கும்மா நெல்லுமணி?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "புண்ணு அதைப் பராக்கு பாத்துக்கிட்டே ஆறிரும்" என்றாய். வயலே சிரித்தது. ஆனால் உன் விரலுக்கு மட்டும் வெறும் மருந்து. ஒரு புள்ளி கூட வைத்துக்கொண்டதில்லை.

என் கல்யாணம் தையில் என்று முடிவானது. மருதாணி வைக்க அத்தையும் இன்னும் நாலு கட்டுக்கழுத்திகளும் என்று பேசினார்கள். "மதினிதான் எனக்கு வைக்கணும்" என்றேன். அத்தை என் வாயிலேயே ஒன்று போட்டாள். "நல்ல காரியத்துல தாலியறுத்த கை படலாமாடி? நீயாச்சும் வாழ வேணாமா?" நீ அங்கே மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாய். உன் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியும், கலக்குகிற கை ஒரு நிமிஷம் நின்றது.

மறுநாள் நான் குழவியைத் தூக்கி என் நடுவிரல் மேல் போட்டுக்கொண்டேன். லேசாகப் போடத்தான் நினைத்தேன். பாழாய்ப்போன குழவி, அதற்கு லேசு தெரியுமா? விரல் கத்தரிக்காயாக வீங்கிவிட்டது. நகச்சுத்து என்று கத்தினேன். மதினியிடம் மருந்து வைக்க வேண்டும் என்று அழுதேன். அந்த அழுகை நிஜம்தான், அப்படி வலித்தது.

"மருந்து வைக்க வேற ஆளா இல்ல ஊருல?" என்று அத்தை எழுந்தாள். அதுவரை வாயே திறக்காத அய்யா சொன்னார்: "மருந்துக்கு ஏதுக்கா தீட்டு? வைத்தியரு பொண்டாட்டி உசுரோட இருக்காளான்னு கேட்டுக்கிட்டா மருந்து வாங்குறோம்?" சொல்லிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

நீ நடுவிரலுக்கு வெறும் மருந்து வைத்தாய். மற்ற ஒன்பதிலும் முள்ளால் எழுத ஆரம்பித்தாய். அத்தை பார்த்துக்கொண்டே நின்றாள். "ஒரு வெரல்லதான நோவு? மத்ததுக்கு எதுக்கு?" நீ தலையைத் தூக்காமல் சொன்னாய், "பரவிரும்ல." எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் புரையேறியது. அத்தை போன பிறகு நான் கவலைப்பட்டேன், கல்யாணத்துக்கு முதல்நாள் இவர்கள் மேலே அப்பினால் எல்லாம் மூடிப்போகுமே என்று. நீ சொன்னாய்: "அப்பட்டும்த்தா. ஒரு வாட்டி ஏறுன எடம் செவக்கும். ரெண்டு வாட்டி ஏறுன எடம் கறுக்கும். அவுக அப்புனாத்தான் என் குருவி எடுப்பா நிக்கும்."

அப்படியே நின்றது. தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "யாரு வச்ச மருதாணி? நகத்துக்குள்ள குருவியில்ல ஒக்காந்திருக்கு!" யாரோ அத்தையைக் காட்டினார்கள். அத்தை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். நானும் வாயைத் திறக்கவில்லை. நீ பந்தலுக்கே வராமல் கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய்.

எத்தனை வருஷமாகிவிட்டது! நீ கொடுத்த மருதாணிக் குச்சியை இங்கே கொல்லையில் நட்டேன். உப்புக் காற்றில் இலை சிறுத்தே போனது, ஆனால் சாயம் மட்டும் அப்படி ஏறுகிறது. ஒரு தடவை கொழும்பிலிருந்து வந்தவர்கள் கொடுத்த நகச்சாயப் புட்டியை உன்னிடம் கொண்டுவந்தேன், ஞாபகம் இருக்கிறதா? மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "மண்ணெண்ண மாதிரி நாறுது. இதைப் பூசிட்டுச் சோத்துல கை வச்சா சோறு எந்திரிச்சு ஓடிரும்" என்றாய்.

போன மாசியில் உனக்குக் காமாலை முற்றி, கண் மஞ்சளாகி, கஞ்சி இறங்காமல் கிடந்தாய். நான் வந்து கூட இருந்தேன். ஒரு மத்தியானம் நான் இலை பறித்து அரைத்துக் கொண்டுவந்து உன் கையை மடியில் வைத்துக்கொண்டபோது நீ ஒன்றும் கேட்கவில்லை. பிறை, நெல்மணி, மீன் என்று பத்து விரலிலும் எழுதினேன். எனக்கு உன் கை வராது, கோணல் மாணல்தான். "மருந்துக்கு எதுக்குத்தா இதெல்லாம்?" என்று மெல்லச் சிரித்தாய். பிறகு என் கையை இழுத்தாய், முள்ளை வாங்கினாய். உன் கை கிடுகிடு என்று ஆடியது. ஒரு சிறகு பெரிதாகவும் ஒரு சிறகு சின்னதாகவும் இந்தக் குருவியைப் போட்டுவிட்டு, "இது உங்கண்ணன் சொன்ன எருமைதான்" என்றாய். நாலாம் நாள் நீ இல்லை.

குளிப்பாட்டும்போது பெண்கள் உன் கையைப் பார்த்துவிட்டார்கள். அத்தை என்னைப் பார்த்து, "இது என்னத்தா?" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மருந்து. நகச்சுத்து." "பத்து வெரல்லயுமா?" "பரவிருச்சு."

உன்னைக் கடைசியாகப் பார்க்கிற நேரத்திலும் பொய்தான் சொன்னேன், மதினி. ஆசையாக வைத்தேன், என் மதினிக்கு மருதாணி வைத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேவிபட்டினத்தில் கடலில் இறங்கி உனக்காக மூழ்கி எழுந்தபோதும் இதுதான் நெஞ்சில் கிடந்தது. செத்தவளுக்குமா மருந்து?

இந்த நிலையில்தான் அத்தை வந்து வாசலில் உட்கார்ந்தாள். மாமா செத்து இரண்டு வருஷமாகிறது இல்லையா, அவளும் இப்போது வெள்ளைச்சேலை. வந்ததும் வராததுமாகக் கையை நீட்டினாள். "நகச்சுத்து வந்துருக்குத்தா. மருந்து வச்சு விடு." கையைப் பிடித்துப் பார்த்தேன். வீக்கமும் இல்லை, சீழும் இல்லை. "எங்க நோவுது?" என்றேன். சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. எனக்குப் புரிந்துவிட்டது, மதினி. புரிந்ததும் கோபம்தான் வந்தது. உன் விரலில் தோல் உரியத் தேய்த்த கை இது! "எல முத்தல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். மூன்று நாள் அதையே சொன்னேன். அவள் எங்கேயும் போகவில்லை.

இன்று மத்தியானம் சோற்றைக் கொண்டுபோய் வைத்தேன். தட்டை ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்: "ஒன் கல்யாணத்துல நகத்துல இருந்த குருவி அவ போட்டதுன்னு எனக்குத் தெரியும்டி. ஊரே என்னய மெச்சுது. நான் கல்லு மாதிரி நின்னேன். எங்க நோவுதுன்னு கேட்டியே, அங்கனதான் நோவுது."

அவளைத் திட்ட நாலு நாளாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கே போனதோ. அன்றைக்கு அவள் வாயை மூடினாள், சரி. கையை நீட்டிக்கொண்டு நடுவில் நின்றவள் யார்? என் வாய்க்கு யார் பூட்டுப் போட்டது?

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அத்த, நீங்க கேக்குறது மருந்தா, மருதாணியா? மருந்துன்னா என்கிட்ட இல்ல" என்றேன். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். என் காதருகே குனிந்து சொன்னாள், "மருதாணிதாண்டி." எழுபது வயது, மதினி. சின்னப்பிள்ளை திருடித் தின்றதை ஒப்புக்கொள்கிற மாதிரி சொன்னாள்.

நீயாக இருந்தால் முதல் நாளே வைத்திருப்பாய், நான்தான் நாலு நாள் அவளைக் காக்க வைத்தேன். அரைத்தாயிற்று, வடித்தாயிற்று. இதை முடித்துவிட்டு எழுந்து போகிறேன். கொல்லையில் இல்லை, தெரு பார்க்கிற வாசலிலேயே வைப்பேன். யார் கேட்டாலும் மருதாணி என்றுதான் சொல்வேன். யாரிடம் கற்றாய் என்றால், தாலியறுத்த என் மதினி முத்துராக்கிடம் என்று சொல்வேன். அத்தையின் பெருவிரலில் இந்தக் குருவியைப் பார்த்துப் போடுவேன். ஒரு சிறகு பெரிது, ஒரு சிறகு சின்னது. நீ போட்டபடியே போடுவேன், திருத்த மாட்டேன். தலை என் நகத்தில் இல்லாவிட்டால் என்ன, எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் விரலில் அது காய்ந்து சிவந்ததும் என் நகத்தை வெட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
இன்றைக்கு வாய் திறக்கப் போகும் உன் நாத்தனார்,
வள்ளி