நீ விட்டுக்கொடுத்த இடம்

இன்று காலை தஞ்சாவூர் புறவழிச்சாலையில் எனக்கு முன்னால் போன நெல் லாரியிலிருந்து பிரேக் சூடேறிக் கருகும் வாடை வந்தது. என் லாரியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிச் சற்று நேரம் நின்றேன், மாப்ள. உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது.

நாம் இருவரும் ஒரத்தநாட்டுப் பக்கம் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தோம். உழவும் அறுவடையும் இல்லாத மாதங்களில் வேலை கிடையாது. லாரிக்குப் போனால் வருஷம் முழுக்க ஓட்டம் இருக்கும் என்று சொன்னவன் நீதான். புதிதாகக் கனரக லைசென்ஸ் எடுப்பவர்கள் பயிற்சியை முடித்தே ஆக வேண்டும் என்றார்கள். பயிற்சிப் பள்ளிக்குச் சேர்ந்தேதான் போனோம். அந்த பேட்சில் ஒரே ஓர் இடம் மீதியிருந்தது.

நீ யோசிக்கக்கூட இல்லை. "ஒன் பொண்டாட்டி முழுகாம இருக்கா. நீ மொதல்ல சேரு மாப்ள. நான் அடுத்த பேட்ச்ல வர்றேன். அதுவரைக்கும் வைக்கோல் லாரில டிரைவருக்குத் துணையாளா போறேன்" என்றாய்.

பயிற்சியில் நடப்பதையெல்லாம் சாயங்காலம் போனில் சொல்வேன். வைக்கோல் கட்டு ஏற்றும் இடத்திலிருந்து நீயும் விடாமல் கேட்பாய். மலைப்பாதைப் பாடம் நடந்த அன்று, "எந்த கியர்ல மலை ஏறுமோ அதே கியர்லதான் எறங்கணுமாம். நியூட்ரல்ல விட்டா பிரேக் சூடாயி புடிக்காதாம்" என்றேன்.

"எங்க டிரைவரு டீசல் மிச்சம்னு நியூட்ரல்லதானே எறக்குறாரு?"

"சொல்லிப் பாரேன்."

"சொன்னா கேக்குற ஆளா அது?" என்று சிரித்தாய்.

அவர் வேன் ஓட்டிப் பழகியவர். லாரிக்கென்று எந்தப் பயிற்சியும் எடுக்காதவர். ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி ஏற்றிவிட்டிருந்தார். அடுத்த நடையில், கேரளப் பக்கம் மலை இறங்கும்போது வண்டி பாறையில் மோதியது. நீ உட்கார்ந்திருந்த பக்கம் நசுங்கிப்போனது.

கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அவரைப் போய்ப் பார்த்தேன். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "கியர போடுங்க, கியர போடுங்கன்னு அவரு சொல்லிக்கிட்டேதாங்க இருந்தாரு. நாந்தான் கேக்கல."

பாடம் உனக்குத் தெரிந்திருந்தது. ஸ்டியரிங்தான் உன் கையில் இல்லை. நான் போனில் சொல்லாமலாவது இருந்திருக்கலாமே, என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமலே போயிருப்பாயே என்று சில நாட்களில் தோன்றும்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியிடம், "அது அவன் சேந்திருக்க வேண்டிய எடம், தங்கச்சி" என்றேன்.

"அவரு சேந்திருந்தா அந்த லாரில நீங்கதாண்ணே போயிருப்பீங்க. இந்நேரம் நான் ஒங்க வீட்ல உக்காந்து அண்ணிக்கு ஆறுதல் சொல்லிக்கிட்டிருப்பேன். மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க" என்றாள்.

என்னைத் தேற்றத்தான் சொன்னாள். ஆனால் அதைக் கேட்டதும், பிரசவமாகி வீட்டில் படுத்திருந்த என் மனைவியும் பக்கத்தில் கிடந்த குழந்தையும் கண்ணில் வந்து நின்றார்கள். 'நல்லவேளை' என்று மனசு சொல்லிவிட்டது. உன் வீட்டில், உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு.

என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அந்த 'நல்லவேளை'யை இதுவரை யாரிடமும் நான் இறக்கிவைக்கவில்லை, மாப்ள.