சின்னக் கேமராவின் வளைவு

என் வீட்டுக்காரருக்கு வணக்கத்துடன் எழுதுவது.

கடவுள் புண்ணியத்தில் நானும் பிள்ளைகளும் நலம். சின்னவளுக்கு இருமல் நின்றுவிட்டது. படப்பிடிப்பு நடக்கும் அந்த மலையில் போன் கிடைக்காததால் காலி டிஸ்க் பெட்டியில் இதை வைத்து அனுப்புகிறேன். கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள்.

வியாழக்கிழமை தயாரிப்பாளர் போன் செய்தார். நீங்கள் எடுத்தனுப்பும் டிஸ்க்குகளை வீட்டில் நிறம் சரிசெய்து நான் அவருக்கு அனுப்பிய பிரதியில் எல்லார் முகமும் “மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு, உங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? திங்கக்கிழமை வேற கேமராமேன் போவாரு” என்றார். சாமி படத்தின் முன் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, டிஸ்க் வரும்போதெல்லாம் விவரம் குறித்து வைக்கும் நோட்டைத் திறந்தேன். படப்பிடிப்பின் ஏழாம் நாளிலிருந்து ‘பெரிய கேமரா பழுது, சின்னதில் எடுத்தது’ என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. நானோ பழக்க தோஷத்தில் படத்தை இயல்பான நிறத்துக்குக் கொண்டுவரும் மாற்று அட்டவணைகளில் பெரிய கேமராவுக்கு உரியதையே எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறேன். வெளிச்சத்தை மடித்து வைக்கும் வளைவு ஒவ்வொரு கேமராவுக்கும் வேறு, நிறங்களை அளக்கும் எல்லையும் வேறு. ஒன்றின் அட்டவணையால் இன்னொன்றைப் பிரித்தால் முகம் மஞ்சளாகாமல் என்ன செய்யும்?

சரியானதைப் போட்டுக்கொண்டு மறுநாளே அவர் அலுவலகத்துக்குப் போனேன். முதலில் நீங்கள் ‘லாக்’ முறையில் எடுத்ததை அப்படியே காட்டினேன். “என்னம்மா இது, சாம்பல்ல புரட்டி எடுத்த மாதிரி?” என்று முகம் சுளித்தார். வெளுத்துப்போனதல்ல, வெளிச்சமும் இருட்டும் வீணாகாமல் நெருக்கி அடுக்கி வைத்திருக்கிறது, பிரித்தால்தான் தெரியும் என்று சொல்லி அட்டவணையைப் போட்டேன். படத்தில் வெறும் வெள்ளையாக இருந்த ஜன்னலுக்கு வெளியே மேகம் வந்தது. அறை மூலையில் தையல்காரர் தைக்கும் கறுப்புக் கோட்டில் நூல்கூடத் தெரிந்தது. மனிதர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தப்பு யாருடையது என்றார். என்னுடையது என்றேன். “உங்கள யாரு வேலைக்கு வச்சது?” யாரும் வைக்கவில்லை என்றேன். “அப்ப தூக்கவும் முடியாதே!” என்று சிரித்துவிட்டார். வேறு ஆள் வரமாட்டார்.

ஆனால் இனி வம்பே வேண்டாம், லாக்கை விட்டுவிட்டு சாதாரண முறையில் எடுக்கட்டும் என்று உங்களுக்குச் சொல்லியனுப்பப் போகிறாராம். நீங்கள் யார் சொன்னாலும் தலையாட்டுகிறவர். இதற்கு மட்டும் ஆட்டாதீர்கள். அப்படி எடுத்தால் அந்த மேகம் போனது போனதுதான், எந்த அட்டவணையாலும் மீட்க முடியாது. இங்கே இனி எது எந்தக் கேமரா என்று பார்க்காமல் ஒரு டிஸ்க்கையும் தொடமாட்டேன். என்னை நம்பி எடுங்கள்.

குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள். கும்பிடும்போதெல்லாம் உங்களுக்காகத்தான் கேட்கிறேன். என்மேல் கோபமிருந்தால் நாலு வரி திட்டி எழுதுங்கள். ஒன்றுமே எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் எழுத்துக்குக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி