போனில் சொல்லாமல் விட்டது

ஜோகுபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பார்கவிக்கு அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்பில் ஒன்றும் குறையில்லை. இது முழுக்க நானே எழுதியது கண்ணு, மாலை வகுப்பு டீச்சர்கூடத் தொடவில்லை. எழுதி முடிக்க ஐந்து நாள் ஆயிற்று. அறுபத்தெட்டு வயதில் உன் பெயரை எழுதிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

அம்மா போனபிறகு சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை என்று அல்சூரில் ஐரின் மேடத்திடம் போகிறேன். மனசுக்கு வைத்தியம் பார்ப்பவர். எல்லாரையும் குரு என்றே கூப்பிடும் பக்கத்து வீட்டுச் சின்னப்பா, ஏன் குரு, பேசறதுக்கு ஒரு டாக்டரா, எனக்கு ஒரு டீ வாங்கிக் குடு, நாள் முழுக்கக் கேக்கறேன் என்று கேலி செய்கிறான். முதலில் மேடம் கண்ணை மூடி மூச்சு விடச் சொன்னார்கள். மூடினால் ஆஸ்பத்திரி வார்டுதான் தெரிந்தது. சொன்னதும், இது உங்களுக்கு வேணாம் அங்கிள், உங்களுக்கு எது ஒத்துவருதோ அதைச் செய்வோம் என்று நிறுத்திவிட்டார்கள். முப்பது வருஷம் லிஃப்டுக்குள் ஸ்டூலில் உட்கார்ந்தவனுக்கு நாலு சுவருக்குள் பேச்சு வராது என்று கண்டுபிடித்து, இப்போது ஏரிக்கரையில் நடந்துகொண்டே பேசுகிறோம். தூக்கத்துக்கு வேறு டாக்டரிடம் சின்ன மாத்திரை. அதோடு, எழுதப் படிக்கக் கத்துக்கறீங்களே, மகளுக்குச் சொல்ல முடியாததை எழுதுங்க என்றார்கள். போனில் எனக்குப் பொய் சுலபமாக வருகிறது, எழுதும்போது வரவில்லை.

பார்கவி, ஆவணியில் அம்மாவுக்குச் சாதாரணக் காய்ச்சல், வீட்டில்தான் இருக்கிறாள் என்றேன் அல்லவா, அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து மூன்று நாள். தூரத்தில் இருக்கிற பிள்ளையைக் கலவரப்படுத்தக் கூடாது என்று நம் வீட்டில் எப்போதும் செய்வதைத்தான் செய்தேன். உனக்குப் புது வேலை, லீவு கேட்டால் போய்விடுமோ என்றும் பயம். தேறிவிடுவாள் என்று நினைத்தேன். எல்லாம் முடிந்தபிறகு நீ வந்து, அம்மா என்னைக் கேக்கவே இல்லையாப்பா என்று அழுதாய். அவளுக்கு நினைவே இல்லம்மா என்றேன். பொய். கதவு திறக்கும்போதெல்லாம் பாப்பா வந்துட்டாளா என்றாள். ஏர்போர்ட்ல இறங்கிட்டா என்று அவளிடமும் பொய் சொன்னேன். உடனே தலை சீவிவிடச் சொன்னாள், இப்படிப் பாத்தா பாப்பா பயந்துக்கும் என்று. நான்தான் சீவினேன், பின்னல் எனக்கு வரவில்லை. பொட்டு வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தாள்.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. அம்மா கேட்டது உனக்குச் சேர வேண்டியது, ஆறு மாதம் நானே வைத்துக்கொண்டிருந்தேன். கோபம் வந்தால் போன் செய்து திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. மாப்பிள்ளையும் நீயும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். இனிமேல் நான் நல்லா இருக்கேன் என்று போனில் சொன்னால் நம்பாதே, இன்னொரு தடவை கேள்.

உன் அப்பா,
பெருமாள்சாமி