மலையின் பெயரைப் பதிந்துகொண்டவர்

என் உயிரான அக்காவுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு செங்கம் சந்தையில் உன் இடத்தில் தேன்குடத்தோடு நான்தான் உட்காருகிறேன். போன சந்தையில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? என் பெண்டாட்டியிடம் சொன்னால், "உனக்கு எத்தப் பாத்தாலும் சந்தேகந்தான்" என்கிறாள்.

"ஜவ்வாது மலைத் தேனுங்க!" என்று நான் கூவியதும் கடைத்தெரு மளிகைக்காரர் விறுவிறுவென்று வந்தார்.

"இன்னாப்பா, அந்தப் பேரச் சொல்லி நீ விக்கக் கூடாது. என் பாட்டில்ல ஒட்டி சர்க்கார்ல பதிஞ்சாச்சு. அணா போயி நயா பைசா வந்த மாதிரி, பேருக்கும் புதுச் சட்டம் வந்துடுச்சு. மீறினா போலீஸ்தான்."

ஒரு காகிதத்தை ஆட்டிக் காட்டினார். எல்லாம் இங்கிலீஷ். யாரிடமாவது காட்டிப் படிக்கலாம் என்றால் கையை விட்டுத் தரவில்லை. மலையை ஒருத்தர் தன் பேரில் பதிய முடியுமா அக்கா? அடப்பாவி, நாளைக்கு மழைக்கும் முத்திரை குத்துவாரோ?

பாட்டிலில் வெல்லப்பாகுதான் இருக்கும் என்று நினைத்தேன். "விக்கிறவன் முதல்ல நக்கிக் காட்டணுங்க. எங்கக்கா வெச்ச சட்டம் அது" என்றேன். கூட்டம் சிரித்தது. மனுஷன் கொஞ்சமும் தயங்கவில்லை. மூடியைத் திறந்து நக்கிவிட்டு என் உள்ளங்கையிலும் ஊற்றினார்.

நக்கினேன். கடைசியில் லேசாகக் கசக்கும் நம் பாறைத் தேன். அசல்! கலப்படம் என்றால் ஊரைக் கூட்டியிருப்பேன். அசலை வைத்துக்கொண்டு என்னத்தைக் கத்துவது?

அந்தப் பாறையில் கயிறு கட்டி இறங்குவது நம் வீட்டார் மட்டும்தானே. உன் வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன். "தேனத்தான்டா வித்தேன், பேரையா வித்தேன்?" என்றார் மாமா, என் முகத்தைப் பார்க்காமல்.

எப்போதிலிருந்து விற்கிறார்? நீ இருக்கும்போதேவா? தெரிந்தும் என்னிடம் மறைத்தாயா? உன்னையே சந்தேகப்படுகிறேனே என்று அழுகை வருகிறது. ஆனால் பேரைச் சொல்லாமல் விற்றால் யார் நம்பி வாங்குவார்கள்? வேறு பிழைப்பு நமக்கு ஏது?

இந்தச் சந்தையில் ஒரு அம்மா வந்து, "எந்த ஊர்த் தேனுப்பா?" என்று கேட்டார். பேர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மளிகைக்காரர் எதிரே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வடக்கே கையை நீட்டினேன்.

அந்த அம்மா திரும்பி மலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தூக்குப் பாத்திரத்தை நீட்டினார்.

உன் இடத்தை விடமாட்டேன் அக்கா. முதல் சொட்டை நானே நக்கிக் காட்டுவேன். எந்த ஊர் என்று கேட்டால் கையை நீட்டுவேன். மலை அங்கேயேதான் இருக்கிறது.

உன் விரலில் முதல் தேனை நக்கிய,
உன் தம்பி