பரந்து நடக்கச் சொன்ன இடம்

12 ஜன. 2002, சனி
காலமை அஞ்சுக்கு டண்டினொங்கில இருந்து வெளிக்கிட்டது. பாணும் சம்பலும் என்ர மனிசி கட்டினவ. ஸ்வெட்டர் மூண்டு, மழைக்கோட்டு ரெண்டு (ஒண்டு ஓட்டை), பிளாஸ்டர். மகள் அபிக்கு ஒன்பது வயது, பள்ளிக்கூடப் புத்தகத்தில இருக்கிற மலைப் பொசம் (எலி மாதிரி ஒரு சின்னப் பிராணி) பார்க்க வேணுமாம். ஆறு மாத அரியண்டம். பின்னேரம் மலைக்கு மேல வந்து சேர்ந்தம். மரமே இல்லை. புல்லு, கல்லு, குளிர் காத்து. இந்த நாட்டில இதுதான் கோடையாம்.

13, ஞாயிறு
தூறல். வழி காட்ட வந்த கைட் ஒரு வெள்ளைக்காரப் பெட்டை, பேர் கேற். எங்களோட சேர்த்து ஒன்பது பேர். பாதை முடிஞ்ச இடத்தில நிப்பாட்டினாள். இனி ஆளுக்குப் பின்னால ஆள் நடக்கக் கூடாதாம். ஒரே இடத்தை மிதிச்சால் செடி செத்துப்போகுமாம். பரந்து நடக்கட்டாம்.
எல்லாரும் பரந்திட்டினம். என்னால ஏலேல்லை. முன்னுக்குப் போன கிழவர் கால் வைச்ச இடத்திலயே வைச்சு வைச்சுப் போனன். கேற் ரெண்டு தரம் சொல்லிப்போட்டாள். மனிசி: "என்னப்பா, மானம் போகுது." அவ கொழும்பில வளர்ந்தவ. கண்ணிவெடி விதைச்ச நிலத்தில நடந்திருந்தால் விளங்கும்.
வொம்பற் எண்ட மிருகத்தின்ர விட்டை பார்த்தம். சதுரம் சதுரமா. அபிக்கு ஒரே சிரிப்பு. இன்னொண்டு தேடிப் புல்லுக்குள்ள ஓடினாள். பாய்ஞ்சு போய் இழுத்து, அடிச்சுப்போட்டன். கன்னத்தில. எல்லாருக்கும் முன்னால. பிறந்ததில இருந்து கை வைக்காத பிள்ளை.
அவள் அழேல்லை. எனக்கு அதுதான் தாங்கேலாமல் கிடக்கு.
பொசம் பார்க்கேல்லை. பகலில கல்லுக்குள்ள படுத்திருக்குமாம்.

14, திங்கள்
வீடு. காய்ச்சல் எண்டு பொய் சொல்லி லீவு. நான் இருக்கிற அறைக்கு அபி வாறேல்லை. மனிசி: "ஏன் அடிச்சனீங்கள் எண்டு பிள்ளைக்குச் சொல்லுங்கோ. எனக்கும்தான்."

15, செவ்
குசினியில வைச்சு ரெண்டு பேருக்கும் சொன்னன். தம்பி கண்ணன். 91, இடம்பெயரேக்க வயலுக்குள்ளால வரிசையா நடந்தது. முன்னுக்குச் சனம் ஊர்ந்துகொண்டு போச்சுது. எனக்குப் பொறுமை இல்லை. "விலத்திப் போடா" எண்டு அவனை வரிசைக்கு வெளியால விட்டது நான். நாலு அடி வைச்சான். மிதிவெடி.
மனிசிக்கு இவ்வளவு காலமும் ஷெல்லடியில செத்தவன் எண்டுதான் சொல்லி வைச்சிருந்தன். அவ அடுப்பை நூத்துப்போட்டா. அபி வந்து என்ர பக்கத்துக் கதிரையில இருந்தாள்.

16, புதன்
வேலை. கன நாளுக்குப் பிறகு நல்ல நித்திரை. சொன்னது நல்லதுதான். பால், முட்டை வாங்க வேணும்.

17, வியா
வெக்கை. பின்னேரம் அபியோட பார்க். பழையபடி கதைக்கிறாள், சிரிக்கிறாள். பந்து உருண்டு புல்லுக்குள்ள போச்சுது. வெட்டின புல்லு, பெடியள் கிரிக்கெட் அடிக்கிற இடம். அவள் சீமெந்துப் பாதையை விட்டு இறங்கேல்லை.
"போய் எடு குஞ்சு. இஞ்ச ஒண்டும் இல்லை."
என்ர முகத்தையே பார்த்துக்கொண்டு நிண்டாள்.
"யூ கோ, அப்பா."
நான்தான் போய் எடுத்தனான்.