ஹோல்டு சீட்டு ஒட்டிய பறவை

செவ்வாய், இரவு

புயல் காற்றில் எங்கள் ஒரகடம் கம்பெனி வாசலில் ஒரு பறவை விழுந்து கிடந்தது. முதுகு கறுப்பு, நெற்றியும் வயிறும் வெள்ளை, வால் கத்தரிக்கோல் மாதிரி பிளந்திருந்தது. இன்னதென்று தெரியாத பொருளுக்கு எப்போதும் செய்வதையே செய்தேன். பெட்டியில் வைத்து மஞ்சள் ஹோல்டு சீட்டு ஒட்டினேன். குவாலிட்டி செக் பண்ணும் மேரி அக்கா பார்த்துக் கையெழுத்துப் போடாமல் அது வெளியே போகாது.

அக்கா போனில் தேடினார். "கடல் ஆலாங்கிற பறவைடி இது. வருசக்கணக்கா தரையில காலே வைக்காதாம். பறந்துகினே தூங்குமாம்!"

ஷிஃப்ட் முடியும்போது மழை விட்டிருந்தது. அக்காவே பெட்டியைத் திறந்தார். அது எழும்பி, கூரையை ஒரு சுற்று சுற்றிவிட்டு, கிழக்கே கடலைப் பார்த்துப் பறந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் ஓடி வந்தார்.

அப்புறம் அக்கா சீட்டில் எழுதினார்: 'ஒரு குறையும் கிடையாது.' ஏழு வருஷத்தில் அவர் கையால் அப்படி எழுதி இன்றுதான் பார்க்கிறேன்.