இறக்கும் நட்சத்திரத்தின் காற்றும் துறைத்தலைவரின் பெயரும்

என் கிரேஸ் அக்காவுக்கு,

நேற்று நம் சபையில் உனக்கு நினைவுக் கூட்டம் நடந்தது. உன் கல்லூரித் துறைத்தலைவரும் வந்திருந்தார். இறக்கும் நட்சத்திரங்களின் காற்றைப் பற்றி நீ பேசும்போதெல்லாம் கொட்டாவி விட்ட மனிதர், உன் கடைசி ஆய்வைத் தானே வழிநடத்தியதாக மைக்கில் சொன்னார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். துடைக்க அங்கே ஏதாவது இருந்ததா?

உனக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. நீ போனபிறகு, அந்த ஆய்வைப் பற்றிய கட்டுரையில் தன் பெயரை முதலில் போடும்படி, உன்னோடு சேர்ந்து எழுதிய பெங்களூர் லதாவிடம் கேட்டிருக்கிறார். லதாதான் போனில் சொன்னாள்.

கூட்டம் முடிந்து சாயா குடிக்கும்போது அவரிடமே கேட்டேன். மறுக்கவில்லை.

“அவ போயாச்சுல்லா மக்கா. இனி பேரு முதல்ல வந்து அவளுக்கு என்ன கிட்டப்போவுது?” என்றார்.

நெய்யாற்றின்கரை கோர்ட்டில் திருடர்களுக்காகவும் வாதாடியிருக்கிறேன். அவர்களுக்குக் கொஞ்சம் வெட்கம் உண்டு.

சரி, கட்டுரையில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள் என்றேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

“நட்சத்திரம் வெடிச்சுச் செதறும். அந்தப் பொகையாக்கும் நெபுலா.”

பனச்சமூடு பஸ்ஸில் நீ எனக்கு எத்தனை முறை விளக்கியிருக்கிறாய்! உன் நட்சத்திரங்கள் வெடிப்பதில்லை. வயதானபின் தங்கள் வாயுவை மெதுவாக, அடர்த்தியாக ஊதி விடுகின்றன. உள்ளே இருக்கும் சூடான கரு வெளிப்பட்டதும் மெல்லிய, மிக வேகமான காற்று கிளம்புகிறது. அது முன்னால் போன வாயுவை எட்டிப் பிடித்து, நெருக்கி, ஓடுபோலத் திரட்டுகிறது; ஒளிரும் அந்த வாயு ஓடுதான் நெபுலா. அருகே துணை நட்சத்திரம் இருந்தால் அந்த ஓடு இரண்டு பக்கமும் பிதுங்கலாம். இதை அங்கேயே எல்லாருக்கும் சொன்னேன்.

தானும் அதைத்தான் சொன்னதாக முணுமுணுத்துவிட்டு, அவர் பலகாரத் தட்டிலிருந்து இன்னொரு பழம்பொரி எடுத்துக்கொண்டார்.

இன்று காலை லதா அழைத்தாள். கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டாளாம். முதல் பெயர் உன்னுடையது. அவர் பெயர் எங்கேயும் இல்லை; அதை அவரிடமும் சொல்லிவிட்டாளாம். அதற்குள், பெருந்தன்மையோடு தான் விட்டுக்கொடுத்ததாக அவர் கல்லூரி இருக்கும் தனுவச்சபுரம் முழுக்கச் சொல்லித் திரிகிறார். இப்படிப்பட்டவரோடு ஒரே துறையில் எப்படி இருந்தாய், அக்கா?

நீ இருந்திருந்தால் அவரை மன்னித்திருப்பாய் என்கிறார் பாஸ்டர். இருக்கலாம். உனக்குப் பதிலாக நான் மன்னிக்கமாட்டேன். அவர் எந்த மேடையில் உன்னைப் பற்றிப் பேசினாலும் அங்கே வருவேன். அவர் முடித்ததும் எழுந்து, உன் ஆய்வு என்னவென்று கேட்பேன். அவர் ஒழுங்காகப் படித்துவிட்டு வரும்வரை கேட்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மேபல்
குளத்தூர்